லட்ச ரூபாய் படத்தில் எருமைக்குப் பாராட்டு! டிக்கெட் வாங்கிய ரசிகனின் குரலாக எழுதிய கல்கி

மயிலாடுதுறை:

1935-ம் ஆண்டு. தமிழ் சினிமா பேச ஆரம்பித்து நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போது "நந்தனார்" என்று ஒரு படம் திரைக்கு வந்தது.

நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்த கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் அதில் நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தார். கணவர் கிட்டப்பா 1933-ல் இறந்த பிறகு வெள்ளைச் சேலை கட்டி ஒதுங்கி இருந்தவர் அவர். அவரை நடிக்க வைக்க ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு லட்சம் என்றால் கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

ஊரெல்லாம் ஒரே பேச்சு. படத்தைப் பார்க்கும் முன்பே ஆஹா, ஓஹோ என்று புகழ்ந்தார்கள்.

ஆனால் "ஆனந்த விகடன்" பத்திரிகையில் வந்த விமர்சனம் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. படத்தில் மரம் நன்றாக நடித்திருக்கிறது, எருமை மாடு நன்றாக நடித்திருக்கிறது, ஆட்டுக்குட்டி நன்றாக நடித்திருக்கிறது என்ற ரீதியில் பாராட்டி எழுதியிருந்தார் விமர்சகர். லட்ச ரூபாய் வாங்கியவரை விட்டுவிட்டு எருமைக்குப் பாராட்டு!

படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுந்தராம்பாளின் ரசிகர்களுக்குக் கோபம் வந்தது. படம் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை.

அந்த விமர்சனத்தை எழுதியவர்தான் "பொன்னியின் செல்வன்" எழுதிய கல்கி.

நாவல் ஆசிரியர் கல்கியை எல்லோருக்கும் தெரியும். வந்தியத்தேவனையும் குந்தவையையும் தெரியாத வீடு குறைவு. ஆனால் அந்த நாவல்களுக்கு முன்பே, கொட்டகையிலும் கச்சேரியிலும் உட்கார்ந்து, பிடித்தால் பிடித்தது, பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுதிய ரசிகர் கல்கி ஒருவர் இருந்தார். அந்த ரசிகர் இல்லாவிட்டால் நாவல் ஆசிரியரும் இல்லை.

கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன்

மயிலாடுதுறை பக்கம் மணல்மேட்டுக்கு அருகே உள்ள சிறிய கிராமம் புத்தமங்கலம். அங்கே 1899-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி பிறந்தார் கிருஷ்ணமூர்த்தி. அப்பா ராமசாமி அய்யர் கிராமக் கணக்குப்பிள்ளை. அம்மா பெயர் தையல்நாயகி. வசதியான குடும்பம் இல்லை.

அப்போது மயிலாடுதுறைக்கு மாயவரம் என்று பெயர். தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. பாட்டுக்கும் கூத்துக்கும் பஞ்சமே இல்லாத மண். தமிழில் கீர்த்தனை பாடிய முத்துத்தாண்டவர் சீர்காழிக்காரர். ராமாயணத்தை நாடகப் பாட்டாகப் பாடிய அருணாசலக் கவிராயர் வாழ்ந்ததும் சீர்காழியில்தான். நந்தனார் கதையைப் பாட்டாகக் கட்டிய கோபாலகிருஷ்ண பாரதி வாழ்ந்தது மாயவரத்தை ஒட்டிய ஆனந்ததாண்டவபுரத்தில். நந்தனாருக்காக நந்தி விலகியதாகச் சொல்லப்படும் திருப்புன்கூர் கோவில் வைத்தீஸ்வரன் கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கோவில் திருவிழா என்றால் விடிய விடிய நாதஸ்வரம், கதாகாலட்சேபம், கூத்து. டிக்கெட் கிடையாது. நிலத்துக்குச் சொந்தக்காரரும் நாற்று நடுகிறவரும் ஒரே பாட்டைத்தான் கேட்டார்கள். நன்றாக இருந்தால் உட்கார்ந்திருப்பார்கள். இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். அதுதான் அந்த ஊர் விமர்சனம்.

கிருஷ்ணமூர்த்தி மணல்மேட்டிலும் மாயவரத்திலும் படித்தார். பிறகு திருச்சி தேசிய உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பில் கெட்டிக்காரர். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்கிக் கொண்டிருந்தது. அந்த நேரத்தில் காந்தியின் ஒத்துழையாமைப் போராட்டம் நாட்டையே உலுக்கியது. 1921-ல் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு காங்கிரசில் குதித்தார்.

அத்துடன் படிப்பு முடிந்தது. பிற்காலத்தில் லட்சக்கணக்கானவர்களைப் படிக்க வைத்தவரிடம் பள்ளி இறுதிச் சான்றிதழ் கூட இல்லை.

மேடையில் பேசியதற்காக 1922-ல் ஒரு வருஷம் ஜெயில். சிறைக்குள் சும்மா இருக்கவில்லை. "விமலா" என்ற கதையை எழுதினார்.

விகடனில் நுழைந்த "கர்நாடகம்"

ஜெயிலில் இருந்து வந்தவர் திருச்சி காங்கிரஸ் ஆபீசில் வேலை பார்த்தார். 1923-ல் சென்னைக்கு வந்து திரு.வி.க. நடத்திய "நவசக்தி"யில் உதவி ஆசிரியர் ஆனார். பத்திரிகைத் தொழிலைக் கற்றுக்கொண்டது அங்கேதான். பிறகு ராஜாஜியின் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்துக்குப் போய், மதுவிலக்குப் பிரசாரத்துக்காக வந்த "விமோசனம்" பத்திரிகையைக் கவனித்துக்கொண்டார்.

இதற்கு நடுவில், 1928-ல் "ஏட்டிக்குப் போட்டி" என்ற நகைச்சுவைக் கட்டுரையை எழுதி எஸ்.எஸ்.வாசனின் ஆனந்த விகடனுக்கு அனுப்பினார். அதில் போட்டுக்கொண்ட புனைபெயர்தான் கல்கி. வாசனுக்குக் கட்டுரை ரொம்பப் பிடித்துப்போனது. 1930 உப்பு சத்தியாகிரக நேரத்தில் மறுபடியும் சிறை. வெளியே வந்த பிறகு 1931-ல் விகடனில் சேர்ந்தார்.

அதே 1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதிதான் முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" வெளிவந்தது. கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழ் பேசினார். கதாநாயகன் தெலுங்கு பேசினார். ஜனங்கள் அதையும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். படம் பேசுகிறது என்பதே பெரிய அதிசயமாக இருந்த நேரம்.

ஆக, தமிழ் சினிமா பேசத் தொடங்கியதும், கல்கி விகடனில் சேர்ந்ததும் ஒரே வருஷம்.

விகடனில் "ஆடல் பாடல்" என்ற பகுதியை ஆரம்பித்தார். சங்கீதம், நாட்டியம், நாடகம், சினிமா எல்லாவற்றையும் அதில் விமர்சனம் செய்தார். அதற்கு வைத்துக்கொண்ட பெயர் "கர்நாடகம்". கர்நாடகம் என்றால் ஒரு பக்கம் கர்நாடக சங்கீதம். இன்னொரு பக்கம், பழைய பஞ்சாங்க ஆசாமியைக் கர்நாடகம் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியைத் தன் தலையிலேயே ஏற்றுக்கொண்டு எழுத உட்கார்ந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்த ஆளின் தராசு

அதுவரை சங்கீதத்தைப் பற்றி எழுதுவது என்றால் அது பண்டிதர்கள் விஷயம். ராகம், தாளம், சுருதி என்று சாஸ்திரம் பேசுவார்கள். சாதாரண ஆள் படித்தால் தலைசுற்றும். சினிமா பற்றி வந்தவையோ பெரும்பாலும் விளம்பரம் போலவே இருந்தன.

கல்கி இரண்டு வழியிலும் போகவில்லை. மேடையேறிப் பாடுகிற வித்துவானும் இல்லை, சினிமாக் கம்பெனி ஆளும் இல்லை. அவரிடம் இருந்தது நல்ல காது, நல்ல கண், கேலியும் கிண்டலும் நிறைந்த பேனா.

காசு கொடுத்து உள்ளே போனவனுக்கு என்ன கிடைத்தது? பாட்டு காதுக்கு இதமாக இருந்ததா? வார்த்தை புரிந்ததா? நடிகர் அழும்போது நமக்கு அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா? கல்கியின் தராசு இதுதான்.

பெரிய வித்துவான், லட்ச ரூபாய் நட்சத்திரம் என்று தயவு பார்க்கவில்லை. அதேபோல, நன்றாக இருந்ததைப் பாராட்டுவதிலும் கஞ்சத்தனம் செய்யவில்லை. வாசகர்கள் பஸ்சிலும் ரெயிலிலும் அதைப் படித்துச் சிரித்தார்கள். படம் பார்த்துவிட்டு வந்து, கர்நாடகம் எழுதியது சரியா தப்பா என்று சண்டை போட்டார்கள். படித்தவன் வாய் திறக்கிற அளவுக்கு ஒரு விமர்சனம் இருந்தது என்றால், அது கல்கிக்குக் கிடைத்த வெற்றி.

"நந்தனார்" விமர்சனத்தால் கே.பி.சுந்தராம்பாளின் புகழும் குறைந்துவிடவில்லை. 1953-ல் அதே வாசனின் ஜெமினி நிறுவனம் எடுத்த "அவ்வையார்" படத்தில் அவர் நடித்தார். தமிழ்நாடே திரண்டு வந்து பார்த்தது. ஒரு விமர்சனம் ஒரு படத்தைக் கேலி செய்யலாம், உண்மையான திறமையை அழிக்க முடியாது என்பதற்கு இது சாட்சி.

பாரதியார் விஷயத்தில் பட்ட அடி

மற்றவர்களை விமர்சித்தவர் தானும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

1930-களின் நடுவில் பாரதியார் மகாகவியா, இல்லையா என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. வ.ரா. போன்றவர்கள் பாரதியை உலகக் கவிகளோடு சேர்த்து வைத்தார்கள். கல்கிக்கு பாரதி மேல் பக்தி உண்டு. ஆனாலும் மகாகவி என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை. நல்ல கவி, தேசிய கவி, அவ்வளவுதான் என்கிற நிலையில் நின்றார்.

விடுவார்களா? கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் பதிலுக்குப் பதில் எழுதினார்கள். அந்தக் கட்டுரைகள் 1937-ல் "கண்ணன் என் கவி" என்று புத்தகமாகவே வந்தன. "மணிக்கொடி" எழுத்தாளர்களுக்கும் கல்கிக்கும் ஏற்கனவே ஆகாது. புதுமைப்பித்தன் கல்கியின் எழுத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார்.

ரசனை விஷயத்தில் எல்லோருக்கும் தவறு நேரும். நேர்ந்த பிறகு என்ன செய்கிறார் என்பதில்தான் மனிதனின் குணம் தெரியும்.

சில வருஷம் போனது. கல்கி எட்டயபுரத்துக்குப் போனார். பாரதி பிறந்த ஊரில் அவருக்கு ஒரு நினைவு மண்டபம் கட்ட வேண்டும் என்று தன் பத்திரிகையில் எழுதினார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். 1945-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1947 அக்டோபரில் பாரதி மணிமண்டபத்தை ராஜாஜி திறந்து வைத்தார்.

பாரதியை மகாகவி இல்லை என்று வாதாடியவரின் முயற்சியால்தான் பாரதிக்கு மண்டபம் எழுந்தது. சண்டை போட்ட பழைய எழுத்து எல்லாம் காகிதத்தில் நின்றுவிட்டது. மண்டபம் எட்டயபுரத்தில் நிற்கிறது.

விமர்சகர் கதையே படமானது

சினிமாவைக் கேலி செய்தவரைத் தேடி சினிமாவே வந்தது. டைரக்டர் கே.சுப்பிரமணியம், கல்கியின் "தியாக பூமி" கதையைப் படமாக எடுத்தார்.

1939-ல் விகடனில் தொடர்கதையாக வந்துகொண்டிருக்கும்போதே படமும் தயாரானது. தொடர்கதைக்கு ஓவியம் போடாமல், படத்தின் ஸ்டில்களைப் போட்டார்கள். அது அப்போது புதுமை. பாபநாசம் சிவன், எஸ்.டி.சுப்புலட்சுமி, பேபி சரோஜா நடித்தார்கள். டி.கே.பட்டம்மாள் பின்னணியில் பாடினார்.

கோவிலில் ஹரிஜனங்களுக்கு இடம், கதர், கணவன் கொடுமைப்படுத்தினால் மனைவி அடங்கிக் கிடக்க வேண்டியதில்லை என்று படம் துணிச்சலாகப் பேசியது. கொட்டகையில் கூட்டம் அலைமோதியது. வெள்ளைக்கார அரசு 1940-ல் படத்துக்குத் தடை போட்டது.

தடை வருகிறது என்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் படத்தை இலவசமாக, தொடர்ந்து ஓட்டினார்கள். ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். கடைசியில் போலீஸ் வந்து தடியடி நடத்த வேண்டியதாயிற்று.

கொட்டகையில் உட்கார்ந்து மற்றவர் படத்தைச் சிரித்துத் தள்ளியவரின் கதைக்காக, ஜனங்கள் அடி வாங்கினார்கள்.

புரியாத பாட்டுக்கு எதற்குத் தலையாட்டுவது?

கல்கியின் வாழ்க்கையில் மிகப்பெரிய சண்டை பாட்டுக்காக நடந்தது.

அப்போது சென்னை சபாக்களில் கச்சேரி என்றால் பெரும்பாலும் தெலுங்குக் கீர்த்தனை, சமஸ்கிருதக் கீர்த்தனை. தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றால் கடைசி வரை காத்திருக்க வேண்டும். பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் துக்கடா என்று சொல்லி ஒன்றிரண்டு பாடுவார்கள். சாப்பாடு முடிந்த பிறகு கொடுக்கிற வெற்றிலை பாக்கு மாதிரி.

முத்துத்தாண்டவரும் கோபாலகிருஷ்ண பாரதியும் பாடிய மண்ணில் பிறந்த கல்கிக்கு இது பொறுக்கவில்லை. தமிழ்நாட்டில், தமிழ் பேசுகிறவர்கள் காசு கொடுத்துக் கேட்கிற கச்சேரியில் தமிழ்ப் பாட்டு முக்கியமாக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதினார்.

தியாகராஜ சுவாமிகள் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. அவருடைய கீர்த்தனைகளை ரசித்தவர்தான். அர்த்தம் புரிந்து கேட்கிற சுகம் தமிழனுக்கும் வேண்டும் என்பதுதான் வாதம்.

1941 ஆகஸ்டில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் ஆதரவில் தமிழிசை மாநாடு நடந்தது. கல்கியும், ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரும், ராஜாஜியும் தமிழிசைப் பக்கம் நின்றார்கள்.

எதிர்ப்பும் பலமாக இருந்தது. மொழியைக் காரணம் காட்டி சங்கீதத்தின் தரத்தைக் குறைக்கக்கூடாது என்று சென்னை மியூசிக் அகாடமி 1941-ல் தீர்மானம் போட்டது. சங்கீதத்துக்கு மொழி எதற்கு, நாதம் போதாதா என்று கேட்டார்கள். தமிழில் அவ்வளவு பாட்டு எங்கே இருக்கிறது என்றும் கேட்டார்கள்.

கல்கி விடவில்லை. மொழி வேண்டாம், நாதம் போதும் என்றால், தமிழில் பாடினால் மட்டும் நாதம் எப்படிக் கெட்டுப்போகும் என்ற கோணத்தில் மடக்கினார். பாட்டு இல்லை என்கிறவர்களுக்குப் பழைய தமிழ்க் கீர்த்தனைகளை எடுத்துக் காட்டினார். சங்கீதம் பற்றிய அவருடைய கட்டுரைகள் "சங்கீத யோகம்" என்று புத்தகமாக வந்தன.

இதில் அவருக்கு நஷ்டமும் உண்டு. கச்சேரி உலகத்தில் அவர் பகைத்துக்கொண்டவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஆனாலும் பின்வாங்கவில்லை. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்டது. எம்.எம்.தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் மேடையில் முழங்கினார்கள். துக்கடா என்று ஓரம் கட்டப்பட்ட தமிழ்ப் பாட்டு மேடை நடுவுக்கு வந்தது.

நாரதர் கொடுத்த பணம்

தமிழிசைச் சண்டை சூடுபிடித்த அதே 1941-ல் கல்கியின் சொந்த வாழ்க்கையிலும் பெரிய மாற்றம் வந்தது.

தனிநபர் சத்தியாகிரகத்தில் கலந்துகொள்ள விகடனை விட்டு வெளியே வந்தார். சிறைக்குப் போய்த் திரும்பியவருக்குக் கையில் வேலை இல்லை. நண்பர் டி.சதாசிவத்துடன் சேர்ந்து சொந்தமாகப் பத்திரிகை தொடங்க முடிவு செய்தார். பணம் வேண்டுமே?

சதாசிவத்தின் மனைவி எம்.எஸ்.சுப்புலட்சுமி. அவர் "சாவித்திரி" படத்தில் நாரதராக ஆண் வேடத்தில் நடித்தார். அந்தச் சம்பளம் பத்திரிகைக்கு முதலீடு ஆனது. 1941 ஆகஸ்ட் 1-ந் தேதி "கல்கி" முதல் இதழ் வந்தது.

ஆண் வேடம் போட்ட ஒரு பாடகியின் படத்தைக் கேலி செய்த கல்கி, ஆண் வேடம் போட்ட இன்னொரு பாடகி சம்பாதித்த பணத்தில் பத்திரிகை ஆரம்பித்தார். காலம் செய்த வேடிக்கை இது.

பின்னர் எம்.எஸ். நடித்து 1945 தீபாவளிக்கு வந்த "மீரா" படத்துக்குக் கல்கி பாட்டும் எழுதினார். "காற்றினிலே வரும் கீதம்" அவர் எழுதியதுதான். எஸ்.வி.வெங்கட்ராமன் இசையில் எம்.எஸ். பாடிய அந்தப் பாட்டு பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தது.

தமிழில் நல்ல பாட்டு எங்கே என்று கேட்டவர்களுக்கு, வாதத்தால் சொன்ன பதிலை விட இது பெரிய பதில். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர் கூட அந்தப் பாட்டைக் கேட்டு உருகினார். புரிந்து உருகினார்.

ரசிகரிடம் இருந்து பிறந்த நாவல்கள்

கல்கியின் நாவல்களைப் புரட்டினால் பாட்டும் நடனமும் கூத்தும் பக்கத்துக்குப் பக்கம் வரும்.

1937-ல் விகடனில் வந்த "கள்வனின் காதலி" கொள்ளிடக் கரையில் நடக்கிறது. அவர் ஓடியாடிய பூமி அது.

"சிவகாமியின் சபதம்" கதாநாயகி ஒரு நாட்டியப் பெண். அவளுடைய அப்பா ஆயனர் ஒரு சிற்பி. மாமல்லபுரம் கடற்கரையில் நிலா வெளிச்சத்தில் டி.கே.சி.யுடன் உட்கார்ந்திருந்தபோது மனதில் தோன்றிய காட்சிகள்தான் அந்தக் கதைக்கு வித்து.

"பொன்னியின் செல்வன்" 1950-ல் ஆரம்பித்து 1954 மே மாதம் வரை மூன்றரை வருஷத்துக்கும் மேல் வாராவாரம் வந்தது. அதன் முதல் அத்தியாயமே ஆடிப்பெருக்குத் திருவிழாக் கூட்டத்தில்தான் தொடங்குகிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் குரவைக் கூத்தும் தேவராளன் ஆட்டமும் வந்துவிடும்.

எத்தனையோ இரவு கொட்டகையிலும் சபாவிலும் உட்கார்ந்தவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஜனங்கள் எப்போது நிமிர்ந்து உட்காருவார்கள், எப்போது கொட்டாவி விடுவார்கள் என்பதுதான் அது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் அடுத்த வாரம் எப்போது வரும் என்று ஏங்குகிற இடத்தில் நிறுத்தினார்.

வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். புத்தமங்கலத்துக் கதாகாலட்சேபம் மாதிரியே.

55 வயதில் மரணம்

உடம்பு ஒத்துழைக்கவில்லை. காசநோய் வாட்டியது. அந்த நிலையிலும் எழுதுவதை நிறுத்தவில்லை. "பொன்னியின் செல்வன்" முடிந்த கையோடு "அமரதாரா" என்ற அடுத்த தொடர்கதையைத் தொடங்கினார்.

1954-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 55. "அமரதாரா" பாதியில் நின்றது. அப்பா விட்டுப்போன குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார்.

"அலை ஓசை" நாவலுக்கு 1956-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அதை வாங்க அவர் இல்லை. 1999-ல் நூற்றாண்டு விழாவின்போது அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று ஆனது. குறைந்த விலைப் பதிப்புகள் வந்து, கையில் காசு இல்லாதவர்களும் வாங்கிப் படிக்க வழி பிறந்தது.

பெரிய திரையில் வந்தியத்தேவன்

கல்கி இறந்த பிறகும் சினிமா அவரை விடவில்லை. 1955-ல் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்த "கள்வனின் காதலி" வந்தது. 1960-ல் "பார்த்திபன் கனவு" வந்தது.

"பொன்னியின் செல்வன்" கதையைப் படமாக எடுக்கப்போவதாக 1958-ல் எம்.ஜி.ஆர். அறிவித்தார். ஆனால் 1959-ல் சீர்காழியில் நாடகத்தில் நடித்தபோது அவருக்குக் கால் முறிந்தது. படம் கைகூடவில்லை. கல்கி பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே அந்த விபத்து நடந்தது.

அதன்பிறகு 60 வருஷத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. மணிரத்னம் இரண்டு பாகமாக எடுத்து, 2022 செப்டம்பர் 30-ந் தேதியும், 2023 ஏப்ரல் 28-ந் தேதியும் படங்கள் வெளிவந்தன.

தியேட்டர் வாசலில் சண்டை ஆரம்பமானது. நாவலில் இருந்த பூங்குழலி இவள் இல்லை என்றார் ஒருவர். நந்தினி அப்படியே வந்துவிட்டாள் என்றார் இன்னொருவர். புத்தகம் படிக்காதவர் படத்தைப் பாராட்ட, ஐந்து பாகமும் கரைத்துக் குடித்தவர் குறை சொல்ல, டீக்கடை பெஞ்சு வரை வாக்குவாதம் நீண்டது.

கல்கி உயிரோடு இருந்திருந்தால் கர்நாடகம் என்ற பெயரில் முதல் நாளே விமர்சனம் எழுதியிருப்பார். தன் கதை என்பதற்காகத் தயவு பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான். படத்தில் வந்த குதிரையும் யானையும் நன்றாக நடித்ததாகக் கூட எழுதியிருக்கலாம்.

பெரிய படிப்பு இல்லாத கணக்குப்பிள்ளை மகன் 90 வருஷத்துக்கு முன்பு தமிழ்நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். டிக்கெட் வாங்கியவனுக்குக் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. அதைப் பயப்படாமல் சொல்லலாம். தப்பு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றிக்கொண்ட மனிதருக்குச் சாட்சியாக எட்டயபுரத்தில் ஒரு மண்டபமே இருக்கிறது.